வேலியைத் தாண்ட வேண்டிய கூட்டுறவு

சட்டம் ஆளை நோக்கிப் பேசுகிறது. ஆபத்து ஆள் பார்த்து வருவதில்லை. ரசாயனத் தொழிற்சாலை ஒன்றின் பாதுகாப்புக்கு அதனை நடத்துபவரே பொறுப்பாளி என்று நம் நாட்டு விதிகள் ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகின்றன. ஆயினும் தொட்டியிலிருந்து வெளிப்பட்ட நச்சுவாயு, இது இன்னாருடைய நிலம், இது இன்னாருடைய எல்லை என்று நின்று பார்த்துச் செல்வதில்லை. ஒரு கிடங்கில் பற்றிய தீ அடுத்த கிடங்கின் பீப்பாய்களையும் பற்றுகிறது. ஒருவர் வெளிவிட்ட கழிவு நீர் எல்லோருடைய ஓடையிலும் ஓடுகிறது. ஆகவே தனித்தனியே விதிக்கப்பட்ட கடமையைப் பலரும் கூடி நிறைவேற்ற வேண்டிய அவசியம் இத்தொழிலின் இயல்பிலேயே அமைந்துள்ளது.

அக்கூட்டுறவு எவ்வாறு நடைபெறுகிறது, அதனால் விளையும் நன்மை யாது, அது எவ்விடத்தில் தடைப்பட்டு நின்றுவிடுகிறது என்பவற்றைக் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் நலம். என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். தொழிற்சாலைகள் ஒன்று கூடாமல் பாதுகாப்பு விதிகளை நிறைவேற்றுதல் இயலாது. ஆனால் அவற்றின் வேலிக்கு உள்ளேயே முடிந்துவிடும் கூட்டுறவு பாதிக் கூட்டுறவேயாகும். மீதிப் பாதி வேலிக்கு வெளியே வாழும் மக்களிடம் இருக்கிறது. அதனை நிறைவு செய்யும் பொறுப்பில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

விதிகள் பிறந்த வரலாறு

1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி இரவும் மறுநாள் விடியலும் போபால் நகரில் நிகழ்ந்தவற்றை மீண்டும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பூச்சிமருந்து ஆலையொன்றின் தொட்டியில் இருந்த மெத்தில் ஐசோசயனேட் என்னும் திரவத்தோடு நீர் கலந்தது. வெப்பமும் அழுத்தமும் மிகுந்தன. ஏறக்குறைய 40 டன் நச்சுப்பொருள் வாயுவாகி ஊரினுள் புகுந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நாம் இங்கு நினைவிற்கொள்ள வேண்டுவது ஒன்று உண்டு. வந்தது என்ன வாயு என்பதும், அதற்குரிய சிகிச்சை யாது என்பதும் அன்றிரவு மருத்துவமனைகளில் இருந்தோருக்குத் தெரிந்திருக்கவில்லை. எத்திசையில் ஓடினால் பிழைக்கலாம் என்பது மக்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. பலர் வாயு பரவிய திசையிலேயே ஓடினர். அறிந்திருக்க வேண்டிய செய்தி ஆலைக்குள் இருந்தது. அறிய வேண்டியவர்கள் ஆலைக்கு வெளியே இருந்தார்கள்.

இப்பேரிடருக்குப் பின்னரே விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் 1987-இல் அபாயகரமான தொழில்முறைகள் பற்றிய தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டு, தாம் கையாளும் பொருளின் தீங்கை அறியும் உரிமை தொழிலாளருக்கு வழங்கப்பட்டது. (அச்சட்டத்தின் இடத்தைத் தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலை ஆகியவை பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து ஏற்றுக்கொண்டது.) 1989-இல் அபாய ரசாயனப் பொருள்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி பற்றிய விதிகள் வெளியாயின. எப்பொருள் எவ்வளவுக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தால் சிறப்புக் கடமைகள் தொடங்கும் என்பதை அவ்விதிகள் அட்டவணையிட்டுக் காட்டின. எடுத்துக்காட்டாக, குளோரினுக்கு 10 டன், அம்மோனியாவுக்கு 60 டன் என்பன முதற்படி அளவுகளாம். அவ்வளவை எட்டிய ஆலை, வேலிக்கு உட்பட்ட அவசரகாலத் திட்டம் ஒன்றை எழுதி வைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும். வேலிக்கு வெளியே நடைபெற வேண்டியவற்றுக்குரிய திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பாயிற்று. 1996-இல் வெளியான மற்றொரு விதித்தொகுப்பு, மத்தியிலும் மாநிலத்திலும் மாவட்டத்திலும் தொழிற்பகுதியிலும் நெருக்கடிக்கால நிர்வாகக் குழுக்களை அமைத்தது.

இவ்வரிசையை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். முதலில் உடைமையாளரைத் தனியே கட்டுப்படுத்திய சட்டம், பின்னர் மெல்ல மெல்லப் பலரை ஒரே மேசையைச் சுற்றி அமர வைத்தது. 1991-ஆம் ஆண்டின் பொதுமக்கள் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டமும் இவ்வழியிற் சென்றதே. ஒவ்வோர் ஆலையும் காப்பீட்டுக் கட்டணத்தோடு கூடுதலாக ஒரு தொகையை நிவாரணப் பொது நிதிக்குச் செலுத்துமாறு அது செய்தது. எவருடைய ஆலையில் விபத்து நேர்ந்தாலும் பாதிக்கப்பட்டோருக்கு உதவ எல்லோரும் முன்கூட்டியே பங்கு செலுத்தி வைக்கும் ஏற்பாடு அது.

தனியே இயலாதவை

பெரிய ஆலைகள் தமக்கென்று தீயணைப்புப் படையும் மருத்துவரும் பரிசோதனைக் கூடமும் வைத்துக்கொள்ளும். ஆனால் நம் நாட்டின் ரசாயனத் தொழில் பெரிய ஆலைகளால் மட்டும் ஆனதன்று. குஜராத்தின் வாபி, அங்கலேஷ்வர் முதலிய தொழிற்பேட்டைகளிலும், மஹாராஷ்டிரத்தின் தாணே–பேலாப்பூர் பகுதியிலும், ஹைதராபாத்தை அடுத்த ஜீடிமெட்லாவிலும் சாயப்பொருள்களும் மருந்து மூலப்பொருள்களும் பூச்சிமருந்துகளும் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் அருகருகே நெருங்கி நிற்கின்றன. இருபது பேர் வேலை செய்யும் கூடம் ஒன்று நுரை தெளிக்கும் வண்டியைத் தனியே வாங்க இயலாது. வாங்கினாலும் அதனை இரவும் பகலும் இயக்க ஆள் வைக்க இயலாது.

இந்நிலையில் பிறந்ததே பரஸ்பர உதவிக் குழு என்னும் அமைப்பு. தாணே–பேலாப்பூர் பகுதி ஆலைகள் அவ்வாறு குழு அமைத்துச் செயற்பட்டன. அங்கலேஷ்வரில் தொழில் நடத்துவோர் சங்கமாகக் கூடிப் பேரிடர்த் தடுப்புக்கெனப் பொது மையம் ஒன்றை நிறுவினர். ஏரிக்கரை உடைந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும் என்று நம் முன்னோர் குடிமராமத்து வைத்திருந்தார்கள் அல்லவா? அதே நியாயந்தான் இது. கரை யாருடைய வயலுக்கு நேரே உடைந்தது என்று எவரும் அப்போது கேட்டதில்லை.

இவ்வுதவி கருவிகளைக் கடன் கொடுப்பதோடு முடிந்துவிடுவதன்று. ஒருவர் குழாயின் வாய் மற்றவர் குழாயோடு பொருந்துமா, இரவில் யாரை அழைப்பது, யார் கட்டளைக்கு எல்லோரும் கீழ்ப்படிவது என்பனவெல்லாம் முன்னரே முடிவாகியிருக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, பக்கத்து ஆலையில் என்ன பொருள் இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அம்மோனியா கசியுமாயின் நீர்த்துளிகளைத் திரைபோலத் தெளித்து அதன் ஆவியை அடக்கலாம். அவ்வாயு நீரில் எளிதிற் கரையும். குளோரின் கசியும் கலத்தின்மீது நேரே நீரைப் பாய்ச்சினாலோ அமிலம் உண்டாகி உலோகத்தை அரித்துக் கசிவு பெருகும். இவ்வேறுபாட்டை அறியாமல் உதவிக்கு ஓடிவரும் நண்பர், நண்பராக வந்து பகைவர் செய்யும் தீங்கைச் செய்துவிடுவார். எனவே பரஸ்பர உதவியின் முதற்படி பரஸ்பர அறிவிப்பே ஆகும்.

போக்குவரத்திலும் இவ்வாறே. அமிலம் ஏற்றிய லாரி, புறப்பட்ட ஆலையிலிருந்து பல நூறு மைல் கடந்து ஏதோ ஒரு கிராமத்துச் சாலை வளைவில் கவிழும். உடைமையாளர் வந்து சேர ஒரு நாள் ஆகலாம். அப்பொருளைக் கையாளத் தெரிந்த அண்டை ஆலையே முதலில் உதவ முடியும். 1938-ஆம் ஆண்டில் ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் முதலியோர் முயற்சியால் தோன்றிய ரசாயன உற்பத்தியாளர் சங்கம், இந்நாளில் இந்திய ரசாயனக் கவுன்சில் என்னும் பெயரோடு விளங்குகிறது. 1985-இல் கனடாவில் தொடங்கிய 'பொறுப்புடன் பேணுதல்' என்னும் தன்னார்வ நெறியை அது 1992-இல் ஏற்றுக்கொண்டது. சட்டம் கேட்பதற்கு மேலும் ஓரடி செல்வோம் என்று தொழிலாளுநர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை அது.

கடல் கடந்த ஒரு பாடம்

கூட்டுறவைச் சட்டமே கட்டாயமாக்கிய எடுத்துக்காட்டு ஒன்று ஐரோப்பாவில் உண்டு. அது நம் ஏற்றுமதியாளரையும் தொட்டதால் இங்குக் குறிப்பிடத்தக்கது. 2007-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி ஐரோப்பிய ஒன்றியத்தில் 'ரீச்' என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு ஒரு டன்னும் அதற்கு மேலும் உற்பத்தியாகும் அல்லது இறக்குமதியாகும் ஒவ்வொரு ரசாயனப் பொருளின் தன்மைகளையும் பதிவு செய்தாலொழிய அங்கு விற்க இயலாது. பொருள் தீங்கானது என்று அரசாங்கம் நிரூபிக்கட்டும் என்றிருந்த வழக்கத்தை அது மாற்றி, தீங்கின்றிப் பயன்படுத்தலாம் என்று விற்பவரே காட்டட்டும் என்றது.

ஒரே சாயப்பொருளை நூறு நிறுவனங்கள் விற்கலாம். நூறும் தனித்தனியே பரிசோதனை நடத்தினால் பணமும் காலமும் வீணாவதோடு, எண்ணற்ற பிராணிகளும் வீணே மடியும். ஆகவே ஒரு பொருளுக்கு ஒரே கூட்டுப் பதிவு என்றும், முதுகெலும்புள்ள பிராணிகளின்மீது ஒருமுறை நடந்த பரிசோதனையை மீண்டும் நடத்தலாகாது என்றும் அச்சட்டம் விதித்தது. ஒரு நிறுவனம் முதன்மைப் பதிவாளராக நின்று பொது விவரங்களை அளிக்கும். மற்றவை செலவில் தத்தம் பங்கைக் கொடுத்து அவ்விவரங்களைப் பயன்படுத்தும். செலவைப் பகிர்வது நியாயமாகவும், ஒளிவுமறைவின்றியும், பாரபட்சமின்றியும் இருக்க வேண்டும் என்பதும் விதி. அளவுக்கேற்ப 2010, 2013, 2018 ஆகிய ஆண்டுகளில் பதிவுக் கெடுக்கள் முடிந்தன. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள உற்பத்தியாளர் நேரே பதிவு செய்ய இயலாமையால், நம் நாட்டுச் சாய, மருந்து மூலப்பொருள் ஏற்றுமதியாளர்கள் அங்குள்ள பிரதிநிதிகள் வாயிலாகப் பதிவு செய்தனர்.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் தெளிவானது. ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்களும், பொருளின் தீங்கு பற்றிய அறிவைப் பொதுச் சொத்தாகக் கொள்ள முடியும். விலையையும் வாடிக்கையாளரையும் தயாரிப்பு நுட்பத்தையும் அவை தமக்குள் பேசிக்கொள்ளத் தேவையில்லை. பேசலாகாது என்றும் போட்டிச் சட்டங்கள் தடுக்கின்றன. நம் நாட்டின் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டமும் விலைக்கூட்டை அனுமதிப்பதில்லை. எதைப் பகிர்வது, எதைப் பகிராதிருப்பது என்னும் எல்லையை வரைந்துவிட்டால் கூட்டுறவு நேர்மையாக நடைபெறும்.

கூட்டுறவு பிழைபடும் இடங்கள்

ஆயினும் கூட்டுறவு என்ற சொல்லைக் கேட்டவுடன் மகிழ்ந்துவிடுதல் தகாது. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது, வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நடப்பவர்களும் உண்டு. அப்பிழைகள் இரண்டை எடுத்துக் கூறுகிறேன்.

முதலாவது, வசதிகளைப் பகிர்ந்துகொள்வது பொறுப்பைப் பகிர்ந்து கரைத்துவிடுவதாக முடிதல். சிறு தொழிற்கூடங்களின் கழிவு நீரை ஒன்று சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது நிலையங்கள் நல்ல ஏற்பாடே. வாபியில் உள்ள நிலையம் நாளொன்றுக்கு 5.5 கோடி லிட்டர் நீரை ஏற்கும்படி அமைந்தது. ஆனால் அத்தகைய நிலையம், ஒவ்வொரு கூடமும் தன் கழிவை ஓரளவு தூய்மை செய்து அனுப்பும் என்ற நம்பிக்கையில் இயங்குவது. சிலர் கடுமையான கழிவை இரவோடிரவாகத் திறந்துவிட்டால் நிலையத்திலுள்ள நுண்ணுயிர்கள் மடிந்து முழு நிலையமும் பழுதாகும். கேட்டால் நிலையம் பொதுவானது என்பார்கள். பொதுவானது எவருடையதும் அன்று என்றாகிவிடும். 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, மாசின் மிகுதியில் முதலிடம் 88.50 புள்ளிகளோடு அங்கலேஷ்வருக்கும், இரண்டாமிடம் 88.09 புள்ளிகளோடு வாபிக்கும் கிடைத்தன. கூட்டு அமைப்புகளுக்குப் பெயர் பெற்ற இரண்டு ஊர்களே அவ்விடங்களைப் பெற்றன. பின்வந்த ஆண்டுகளில் அப்புள்ளிகள் மாறின. எனினும், அமைப்பு இருப்பதும் அது பயன் தருவதும் வெவ்வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இதற்கு மருந்து நம் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பிலேயே உள்ளது. 1985-இல் டில்லியில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில் 1986 டிசம்பரில் அளித்த தீர்ப்பில், அபாயகரமான தொழிலை நடத்துபவர் அதனால் விளையும் தீங்குக்கு முழுப் பொறுப்பாளி என்றும், தாம் போதிய எச்சரிக்கையோடு இருந்ததாகக் கூறித் தப்ப இயலாது என்றும் நீதிமன்றம் வரையறுத்தது. கூட்டுக் குழுவில் உறுப்பினராயிருத்தல் இப்பொறுப்பை எள்ளளவும் குறைப்பதன்று. செலவைப் பகிரலாம், கருவியைப் பகிரலாம், பொறுப்பைப் பகிர இயலாது.

இரண்டாவது, கூட்டுறவு காகிதத்தோடு முடிதல். திட்டம் எழுதப்படுகிறது, கையெழுத்தாகிறது, அலமாரியில் அடுக்கப்படுகிறது. ஒத்திகை, பார்வையாளர் வருகைக்கென்று நன்பகலில், எல்லோருக்கும் முன்னறிவித்து நடத்தப்படுகிறது. விபத்துகளோ அவ்வாறு நேரம் குறித்துக்கொண்டு வருவதில்லை. போபாலில் நள்ளிரவு, விசாகப்பட்டினத்தில் விடியலுக்கு முந்திய பொழுது.

வேலிக்கு அப்பால்

விசாகப்பட்டினத்தில் நிகழ்ந்தது போபாலுக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், அத்தனை விதிகளும் நடைமுறையில் இருந்த காலத்தில். 2020-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி அதிகாலை, ஊரடங்குக்குப் பின் மீண்டும் இயங்கத் தொடங்கவிருந்த ஆலையொன்றின் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளிப்பட்டு அடுத்திருந்த குடியிருப்புகளிற் பரவியது. பன்னிருவர் உயிரிழந்தனர், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர். ஸ்டைரீனைக் குளிர்ந்த நிலையிலும், தானே இறுகித் திரளாதபடி தடுக்கும் பொருள் கலந்தும் வைத்திருத்தல் வேண்டும். இவ்விரண்டிலும் குறை நேர்ந்ததாக மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு கண்டது. அக்குழு கூறிய மற்றொன்றே நம் பொருளுக்கு உரியது. ஆலையினுள் 36 இடங்களிலிருந்து இயக்கத்தக்க அபாயச் சங்கு இருந்தது; அன்று அது ஒலிக்கப்படவில்லை.

சங்கு விலைமிக்க கருவியன்று. அதனை ஊதுவதற்குப் பெரிய விஞ்ஞான அறிவும் வேண்டியதில்லை. வேலிக்கு வெளியே இருப்பவர்களும் இவ்வேற்பாட்டில் பங்குடையவர்கள் என்ற எண்ணம் ஒன்றே வேண்டும். 1989-ஆம் ஆண்டு விதிகளின் 15-ஆவது விதி, ஆலைக்கு வெளியே பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு ஆபத்தின் தன்மையையும், அப்போது செய்யத்தக்கவை, செய்யத்தகாதவை ஆகியவற்றையும் அறிவிக்க வேண்டும் என்கிறது. 1996-ஆம் ஆண்டு விதிகள் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றன. தொழிற்பகுதியின் உள்ளூர் நெருக்கடிக் குழுவில் ஆலைப் பிரதிநிதிகள், தீயணைப்பு அதிகாரி, போலீஸ் அதிகாரி ஆகியோரோடு வட்டார வளர்ச்சி அதிகாரி, ஆரம்ப சுகாதார அதிகாரி, ஊராட்சித் தலைவர், உள்ளூர் மருத்துவர்கள், சமூக ஊழியர்கள், பத்திரிகையாசிரியர் ஆகியோருக்கும் அவை இடம் தருகின்றன. அக்குழு மாதந்தோறும் கூட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு அளவில் ஒத்திகை நடத்த வேண்டும். சட்டம் மேசையைப் போட்டு நாற்காலியையும் வைத்துவிட்டது. அந்நாற்காலிகளில் அமர வேண்டியவர்கள் அமர்கிறார்களா என்பதே கேள்வி.

மக்களிடம் சொன்னால் பீதி உண்டாகும் என்று தொழிலதிபர் சிலர் கூறுவதுண்டு. இவ்வாதத்தில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. அரைகுறையாகச் சொல்லப்படும் செய்தி பீதியை உண்டாக்கும். ஆனால் முழுமையாக முன்னரே அறிந்த ஆபத்து மனிதரைச் செயற்படச் செய்யும்; நள்ளிரவில் முதன்முறையாக அறியும் ஆபத்தே அவர்களைச் சிதறி ஓடச் செய்யும். புயற்கரையில் வாழும் மீனவர் புயற்கூண்டைக் கண்டு பீதி கொள்வதில்லை, படகைக் கரையேற்றுகிறார்கள். தொழில் இரகசியம் வெளியாகும் என்பது மற்றொரு வாதம். பொருளைச் செய்யும் முறை இரகசியமாக இருக்கட்டும்; அது உடலுக்குச் செய்யும் தீங்கு இரகசியமாக இருத்தற்கு யாதொரு நியாயமும் இல்லை.

மொழியின் பங்கு

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இங்கு ஒன்று கூற விரும்புகிறேன். பாதுகாப்புக் குறிப்பேடு என்பது ஒவ்வொரு ரசாயனத்தின் தன்மை, தீங்கு, முதலுதவி, தீயணைக்கும் முறை முதலியவற்றைத் தொகுத்துக் கூறும் தாள். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆபத்தான சரக்கு ஏற்றும் லாரியின் ஓட்டுநர் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றோடு ஆங்கிலமும் எழுதப் படிக்க அறிந்திருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறின. கவிழ்ந்த லாரியைச் சுற்றிக் கூடும் ஊராருக்கு அத்தகைய விதி எதுவும் இல்லை. எழுத்தின் பொருளை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல யாரேனும் வேண்டும்.

மொழிபெயர்த்துவிட்டால் மட்டும் பயன் விளைந்துவிடாது. பொருளில் இயல்பாகவே உறையும் தீங்கு வேறு. அத்தீங்கு நம்மை வந்து தாக்கும் வாய்ப்பு வேறு. இரண்டையும் 'அபாயம்' என்ற ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டால், மூடிய கலத்திலுள்ள அமிலத்தைக் கண்டு அஞ்சுவோரும், திறந்து கிடக்கும் அமிலத்தை அலட்சியம் செய்வோரும் தோன்றுவர். 'காற்றின் எதிர்த்திசையில் செல்க' என்று எழுதினால், காற்று வருகிற திசையா, போகிற திசையா என்று படிப்பவர் மயங்குவர். களத்துமேட்டில் நெல் தூற்றியவருக்கோ இதனை ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடலாம்: பதர் பறக்கும் பக்கம் நில்லாதே, பதரோடு சேர்ந்து ஓடாதே, குறுக்கே விலகிக் காற்று வரும் பக்கம் சேர். குளோரின் காற்றைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. ஆகவே பள்ளத்திலும் கிணற்றிலும் தேங்கும், மேட்டுக்குச் செல்ல வேண்டும் என்பதனைச் சிறுவனும் புரிந்துகொள்வான். தொழிற்சாலைகள் கூடி ஒரே பொருளுக்கு ஒரே பரிசோதனை நடத்த முடியுமாயின், ஒரே பொருளுக்கு ஒரே தெளிவான எச்சரிக்கையை ஒவ்வொரு இந்திய மொழியிலும் கூடி எழுதுதல் ஏன் முடியாது? ஒவ்வோர் ஆலையும் தனித்தனியே தன் மனம்போனபடி மொழிபெயர்ப்பதால் ஒரே வாயுவுக்கு ஒரே மாவட்டத்தில் மூன்று பெயர்கள் வழங்கும் நிலை தோன்றுகிறது. கூட்டுறவின் பயனை மிகக் குறைந்த செலவில் பெறக்கூடிய துறை இதுவே என்பது என் துணிபு.

நாம் செய்யத்தக்கவை

கள ஊழியர் தம் வட்டாரத்தில் அபாய ரசாயனங்களைச் சேமிக்கும் ஆலைகள் உண்டா, உள்ளூர் நெருக்கடிக் குழு அமைந்துள்ளதா, அது கடைசியாக எப்போது கூடியது என்பனவற்றை விசாரித்து அறியலாம். வட்டார அலுவலகத்திலோ ஊராட்சியிலோ பணிபுரிபவராயின் அவ்வலுவலகத்துக்கு உரிய இடம் வெறுமையாக இராதபடி பார்த்துக்கொள்ளலாம். அடுத்த ஒத்திகையில் ஊரும் பள்ளியும் சேர்க்கப்பட வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்கலாம். நீரேற்று நிலையத்திலுள்ள குளோரின் உருளையும் பனிக்கட்டித் தொழிற்சாலையின் அம்மோனியாவும் ரசாயனத் தொழிலே இல்லாத ஊர்களிலும் உண்டு என்பதனை மறத்தலாகாது.

ஆசிரியர்கள் விஞ்ஞானப் பாடத்திலேயே இதற்கு இடம் காணலாம். வாயுக்களின் அடர்த்தியைக் கற்பிக்கும்போது எவ்வாயு தாழ்ந்து பரவும், எது மேலெழும் என்று கேட்கலாம். சாலையிற் செல்லும் டாங்கர் வண்டிகளின் பின்புறம் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. அதில் ஐக்கிய நாடுகள் சபை வகுத்த நான்கு இலக்க எண் எழுதப்பட்டிருக்கும். 1203 பெட்ரோலைக் குறிக்கும், 1005 அம்மோனியாவை, 1017 குளோரினை. கவிழ்ந்த வண்டியின் அருகே செல்லாமல், தொலைவிலிருந்தே அவ்வெண்ணைப் படித்துத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லத் தெரிந்த மாணவன், அங்கு வரும் வீரர்களின் உயிரையும் காக்கக்கூடும். எரியும் நெய்யைப் பாத்திரத்திற் பிடிக்கக் குடங்களோடு ஓடுவதுபோல, கவிழ்ந்த டாங்கரிலிருந்து வழியும் பெட்ரோலைப் பிடிக்கக் கூடி மடிந்தவர்களின் செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். அவ்வறியாமைக்கு எந்த ஆலையும் தனியே பரிகாரம் செய்ய இயலாது, பள்ளி செய்யலாம்.

தொழிலாளுநர்களுக்கும் ஒன்று சொல்லத்தக்கது. பக்கத்து ஆலையை நம்பி உங்கள் பொருள்களின் பட்டியலைக் கொடுக்கிறீர்கள். அவர் உங்களோடு சந்தையில் போட்டியிடுபவர். பக்கத்து ஊர் உங்களோடு எதற்கும் போட்டியிடுவதில்லை. போட்டியாளரிடம் காட்டத் துணிந்த பட்டியலை அண்டையில் வாழும் மக்களிடம் மறைப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? விதிகளுக்குக் கீழ்ப்படிதல் என்பது ஆய்வாளர் வரும் நாளில் முடிந்துவிடும் காரியமன்று. சங்கு ஊதும் இரவில், அவ்வொலியின் பொருள் சுற்றியுள்ள ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்குமாயின், அன்றுதான் விதி நிறைவேறியதாகக் கொள்ள வேண்டும். அந்நாளுக்கான ஆயத்தத்தை ஆலைகள் கூடித் தொடங்கியுள்ளன. ஊரும் பள்ளியும் அலுவலகமும் அதில் சேர்ந்து, அதனை நிறைவு செய்யட்டும்.